குட்டி எங்கிருந்து வந்தது?

எங்கள் ஊர்களில் வளவில் வைக்க ஒரு வாழைக்குட்டி கேட்டால் யாரும் இல்லையென்று சொல்வதில்லை. நீர்வேலியில் பெண் எடுத்த வீட்டிலிருந்து ஒரு இதரைக்குட்டி வரும். கோப்பாயில் சின்னம்மா வளவிலிருந்து ஒரு கப்பல் வாழைக்குட்டி வரும். குடிபூரலுக்கு வந்தவர் ஈரச்சாக்கில் சுற்றி ஒரு மொந்தன் கொண்டு வருவார். யாழ்ப்பாணத்தில் பெரும்பாலான வளவுகளின் வாழைகள் இப்படிச் சேர்ந்தவைதான். மிளகாய் நாற்றுக்கும் புகையிலைக் கன்றுக்கும் காசு எண்ணிக் கொடுப்போம். வளவுக்கு வைக்கும் வாழைக்குட்டிக்குக் காசு வாங்கினால் அது உறவுக்கு அழகில்லை.

இந்தப் பழக்கத்தை நான் மதிக்கிறேன். எங்களிடம் இத்தனை இனங்கள் இன்னும் மிஞ்சியிருப்பதற்கு இதுதான் காரணம். ஆனால் உலகம் முழுவதும் வாழையை இன்று மிரட்டும் நோய்களில் மிகக் கொடியவை பயணம் செய்வதும் இதே குட்டியிலும் அதில் ஒட்டியிருக்கும் மண்ணிலும்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாம் சாப்பிடும் வாழைப்பழத்தில் விதை இல்லை. பழத்தை நறுக்கும்போது நடுவில் தெரியும் கறுப்புப் புள்ளிகள் விதையாக வளர முடியாமல் நின்று போனவை. கிழங்கிலிருந்து வெடித்து வரும் குட்டிதான் அடுத்த மரம், அந்தக் குட்டி உள்ளுக்குள் அச்சு அசல் தாயேதான். ஆயிரம் மரத்தைக் குட்டி வைத்து உண்டாக்கினாலும் அது ஒரே மரம் ஆயிரம் இடத்தில் நிற்பதுதான். ஒன்றைக் கொல்லத் தெரிந்த நோய்க்கு மற்ற 999 ஐயும் கொல்லப் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை.

இது ஒரு தடவை நடந்து முடிந்த கதை. 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் சாப்பிட்டது பெரும்பாலும் குரோ மிஷேல் என்ற ஒரே இனம். தோல் தடித்தது, கப்பலில் அடிபடாது, மணமும் உண்டு. பனாமா, கொஸ்தாரிக்கா, ஹொண்டூராஸ், குவாத்தமாலா என்று மத்திய அமெரிக்கா முழுவதும் காட்டை வெட்டி அந்த ஒரு இனத்தையே வைத்தார்கள். பியூசேரியம் என்ற மண் பங்கசு வேர்வழியாக ஏறி மரத்தின் தண்ணீர்க் குழாய்களை அடைத்தது. பனாமா வாடல் என்று பெயர் வந்தது. கம்பனிகள் செய்தது, நோய் வந்த காணியை அப்படியே கைவிட்டுவிட்டு அடுத்த காட்டை வெட்டியது. அங்கும் பழைய தோட்டத்துக் குட்டியையே கொண்டுபோய் வைத்தார்கள், நோயும் கூடவே போனது. 1960களில் குரோ மிஷேல் ஏற்றுமதிச் சந்தையிலிருந்து இல்லாமல் போய்விட்டது.

எங்கள் நாட்டில் அது அழியவில்லை. தெற்கில் ஆனமாலு என்று விற்கும் பழம் அந்த குரோ மிஷேல்தான். அங்கே அது எப்போதும் பல இனங்களுக்கு நடுவே, ஒரு வளவில் ஒன்றிரண்டாக நின்றது. ஒரே இனத்தைக் கடல்போல வைத்த இடத்தில்தான் முற்றாக அழிந்தது.

அதற்குப் பதிலாக வந்தது கவெண்டிஷ். 1830களில் மொரீசியசிலிருந்து இங்கிலாந்துக்குப் போன ஒரு கன்றை சட்ஸ்வேர்த் மாளிகையின் கண்ணாடிக் கூடத்தில் யோசெப் பக்ஸ்டன் என்ற தோட்டக்காரர் வளர்த்தார், மாளிகைக்காரரின் குடும்பப் பெயரை அதற்கு வைத்தார். பழைய பனாமா வாடல் கவெண்டிஷைத் தொடவில்லை. அந்த ஒரு குணத்துக்காக உலகம் மறுபடியும் ஒரே இனத்தின்மேல் எல்லாவற்றையும் கட்டியது. இன்று கப்பலேறும் பழம் கிட்டத்தட்ட முழுவதும் கவெண்டிஷ். உலகின் மொத்த விளைச்சலிலும் ஏறக்குறைய பாதி அதுதான்.

1960களின் பிற்பகுதியில் தாய்வானில் அந்தக் கவெண்டிஷும் வாடத் தொடங்கியது. அதே பியூசேரியத்தின் இன்னொரு வகை. இன்று அதற்கு டிஆர்4 (வெப்பமண்டல வகை 4) என்று பெயர். மலேசியாவையும் இந்தோனேசியாவையும் பிடித்தது. 1997இல் அவுஸ்திரேலியாவின் வடபகுதிக்குப் போனது. 2013இல் ஜோர்தானிலும் மொசாம்பிக்கிலும் இருப்பது அறிவிக்கப்பட்டது. பாகிஸ்தானுக்கு வந்தது. 2015ஐ ஒட்டி இந்தியாவில், பீகாரின் கட்டிகார் மாவட்டத்தில் தெரிந்தது. 2019 ஓகஸ்டில் கொலம்பியா அவசரநிலை அறிவித்தது. 2021இல் பெரு, 2023இல் வெனிசுவேலா. உலகத்திலேயே அதிகம் வாழைப்பழம் ஏற்றுமதி செய்யும் எக்குவடோர் கொலம்பியாவுக்கும் பெருவுக்கும் நடுவில் இருக்கிறது.

இந்த வழித்தடத்தைப் பாருங்கள். பங்கசுக்குக் கால் இல்லை. கடல் தாண்டி அதைக் கொண்டுபோனது மனிதர்கள்தான். குட்டியோடு, சப்பாத்து மண்ணோடு, மண்வெட்டியோடு, மிசினின் சில்லோடு கொண்டுபோனார்கள். ஒரு காணிக்குள் வந்துவிட்டால் அதன் வித்திகள் வாழையே இல்லாத மண்ணிலும் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மருந்து இல்லை.

யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் கதலிதானே, கவெண்டிஷின் நோய் எங்களுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் இதரைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போவேன். எங்கள் கதலி தெற்கில் அம்புல், தமிழ்நாட்டில் பூவன். பழைய பனாமா வாடலை அது நன்றாகவே தாங்கும். இதரை தாங்காது. தெற்கில் கோழிக்கூடு என்றும் தமிழ்நாட்டில் ரஸ்தாளி என்றும் சொல்லும் அதே கூட்டம்தான் இதரை, குரோ மிஷேலைக் கொன்ற அதே வகை பங்கசுக்கு அது இலகுவான இரை. அந்த வகை எங்கள் நாட்டு மண்ணில் நெடுங்காலமாகவே இருக்கிறது.

நோய் பிடித்த இதரையை ஒரு தடவை பார்த்தவர் மறக்க மாட்டார். முதலில் அடி இலைகளின் விளிம்பு மஞ்சளாகும். தண்ணி காணாது என்று நினைத்து இன்னொரு இறைப்பு விடுவோம். மஞ்சள் நடுநரம்பை நோக்கிப் போகும். பிறகு காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இலை மடிந்து, ஒவ்வொன்றாக மரத்தைச் சுற்றிப் பாவாடை கட்டினது போலத் தொங்கும். நடுக்குருத்து மாத்திரம் பச்சையாக நிமிர்ந்து நிற்கும். அடிமரம் நெடுக வெடிக்கும். வெட்டிப் பார்த்தால் வெள்ளையாக இருக்க வேண்டிய மடல்களில் செங்கபில நிறத்தில் வளையம் வளையமாக இருக்கும், கிழங்கை நறுக்கினால் சிவப்பு நூலைக் குத்தி விட்டது போல புள்ளிகள். அந்த மரம் குலை போட்டிருந்தால் காய் முற்றாது. ஆனால் அடியில் மூன்று நான்கு குட்டி தளதளவென்று நிற்கும். பார்க்க ஒரு குறையும் இருக்காது. அந்தக் குட்டியைத்தான் நாங்கள் ஆசையோடு அடுத்த வளவுக்குக் கொடுக்கிறோம்.

எங்களுக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை, எல்லாம் கிணறு. அந்தக் கிணறும் பல இடங்களில் பங்குக் கிணறு. சீதனமாகவும் முதுசமாகவும் பிரிந்து பிரிந்து ஒருவருக்கு நாலு பரப்பு, மற்றவருக்கு ஆறு பரப்பு என்று நிற்கும் செம்பாட்டுக் காணிகளுக்கு நடுவே ஒரே கிணறு, ஒரே வாய்க்கால். முறை வைத்து இறைக்கிறோம். தண்ணி மாறும்போது மேல்காணியின் மண் கரைந்து கீழ்க்காணிப் பாத்திக்குள் போகும். உழவுக்கு ஒரே லாண்ட்மாஸ்டர் எல்லாக் காணியிலும் இறங்கும். குலை வெட்டுகிறவரின் கத்தியும் ஒன்றுதான். மண்ணால் பரவும் ஒரு நோய்க்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ஒரு தோட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே வேலி போட்டு, வாசலில் கால் கழுவும் தொட்டி வைத்து, வாகனத்தைக் கழுவி விடுகிறார்கள். எங்கள் பங்குக் கிணற்றடியில் வேலி எங்கே போடுவது?

குவீன்ஸ்லாந்தில் அவர்கள் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். 2015 மார்ச்சில் டல்லி பள்ளத்தாக்கில் ஒரு தோட்டத்தில் டிஆர்4 தெரிந்தபோது, மறு ஆண்டே வாழை விவசாயிகளின் சங்கம் அந்தக் காணியை விலைக்கு வாங்கியது. மரங்களை அழித்து, காணியை மூடி வைத்தார்கள். நோய் தெரிந்தவர் அதை மறைத்தால்தான் எல்லோருக்கும் கேடு. தெரியப்படுத்தியவருக்கு நட்டம் வராமல் பார்த்தால் அவர் ஏன் மறைக்கிறார்? அதன் பிறகு நோய் பரவுவது மிக மெதுவாகிவிட்டது. எங்கள் ஊரில் நோய் வந்தவர் வெளியே சொல்லத் தயங்குவதை நான் அறிவேன். சொன்னால் அவருடைய குலைக்கு விலை விழும், குட்டியை யாரும் வாங்க மாட்டார்கள், அவருக்கு ஈடு கொடுக்க யாரும் இல்லை.

முடிக்கொத்து நோயின் கதை இன்னும் நெருக்கமானது. பிஜியில் 1880களில் தெரிந்த வைரசு நோய் அது. 1913 அளவில் இலங்கையிலும் அவுஸ்திரேலியாவிலும் காணப்பட்டது. இலங்கையிலிருந்து 1940களில் கேரளத்துக்குப் போனது. அங்கிருந்து பரவி, பழனி மலையின் அடிவாரச் சரிவுகளில் விளைந்த விருபாட்சி வாழையைத் தின்றது. ஒரு காலத்தில் 18,000 ஹெக்டயரில் இருந்த மலைவாழை 2,000 ஹெக்டயர் அளவுக்குச் சுருங்கியது. பழனிக்குப் போய்ப் பஞ்சாமிர்தம் கொண்டு வராத யாழ்ப்பாணத்துக் குடும்பம் குறைவு. அந்தப் பஞ்சாமிர்தத்தின் மணம் விருபாட்சியால் வந்தது. எங்கள் தீவிலிருந்து போன நோய் அதை அழித்ததை நினைக்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

இந்த நோய் பிடித்த மரத்தில் புது இலைகள் விரியாமல் குறுகி, உச்சியில் கொத்தாக நிமிர்ந்து நிற்கும். இலையைத் திருப்பி வெளிச்சத்துக்குப் பிடித்தால் நரம்போரம் கடும்பச்சையில் கோடும் புள்ளியுமாக உடைந்து உடைந்து தெரியும். வைரசைக் காவுவது குருத்து மடலுக்குள் ஒளிந்திருக்கும் கறுப்பு அழுக்கணவன். எங்கள் பக்கத்துத் தோட்டத்து மாமா, இப்படியொரு மரத்தைக் கண்டு நான் கத்தியைத் தூக்கப் போனபோது தடுத்தார். "பொறு தம்பி. இப்ப வெட்டினா உந்தப் பூச்சியெல்லாம் எழும்பி மற்ற வாழைக்குப் போயிடும். முதல் குருத்துக்குள்ள மண்ணெண்ணையை ஊத்து. அது செத்தாப் பிறகு கிழங்கோட கிண்டி எடு." விவசாயப் போதனாசிரியர்கள் சொல்வதும் அதே முறைதான். அவருக்கு அதை எந்த வகுப்பிலும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

1920களில் அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரை வாழைத் தொழில் இந்த நோயால் படுத்துவிட்டது. எழுந்து வந்தது மருந்தால் அல்ல. சி.ஜே.பி. மகீ என்ற ஆய்வாளர் நோயைப் பரப்புவது அழுக்கணவனும் நோயுள்ள குட்டியும்தான் என்று காட்டினார். அதன் பிறகு சட்டம் வந்தது. அனுமதி இல்லாமல் குட்டியை இடம் மாற்றக்கூடாது, பரிசோதகர் தோட்டம் தோட்டமாக வருவார், நோய் கண்ட மரத்தை உடனே அழிக்க வேண்டும். நூறு வருடமாகியும் அந்த நோய் அங்கிருந்து முற்றாகப் போகவில்லை, ஆனால் தொழில் பிழைத்து நிற்கிறது. ஒரு குட்டி எங்கிருந்து வந்தது என்று கேட்கும் ஒழுங்குதான் அதைக் காப்பாற்றியது.

உகண்டாவில் மக்களின் அன்றாடச் சாப்பாடே வாழைக்காய். 2001இல் ஒரு பக்றீரியா வாடல் அங்கே வந்தது. தேனீயும் பூச்சியும் ஆண்பூவில் இருந்து அடுத்த மரத்துப் பூவுக்கு அதைக் கொண்டுபோயின, கத்தி மரத்துக்கு மரம் கொண்டுபோனது. அங்கே கண்ட வழி மிகச் சாதாரணமானது. கடைசிச் சீப்பு வந்ததும் பொத்தியைக் கத்தியால் வெட்டாமல் கவட்டைத் தடியால் முறுக்கி ஒடித்துவிட வேண்டும். வறைக்குப் பொத்தி வெட்டும் எங்கள் கைகளுக்கும் இது பொருந்தும். ஒரு மரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே கத்தியை நெருப்பில் காட்டவோ குளோரீனில் தோய்க்கவோ என்ன செலவு?

இலையைக் கருக்கும் கறுப்புச் சிகாட்டோகா இன்னொன்று. பிஜியின் சிகாட்டோகா பள்ளத்தாக்கின் பெயர். கவெண்டிஷ் பெருந்தோட்டங்கள் அதை எதிர்க்க வருடத்துக்கு 40 தடவைக்கும் மேல் பங்கசு கொல்லியை விமானத்தில் தெளிக்கின்றன. பழம் மலிவாக இருப்பதன் விலையை அந்தத் தோட்டங்களுக்குள் வசிக்கும் தொழிலாளர் கொடுக்கிறார்கள். வாழைக்கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டைக் கொல்ல 1972 முதல் 1993 வரை கரீபியன் கடலின் பிரெஞ்சுத் தீவுகளான மார்ட்டினிக்கிலும் குவாடலூப்பிலும் போட்ட குளோர்டெகோன் என்ற நஞ்சு இன்றும் அந்தத் தீவுகளின் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிறது. அங்குள்ள வளர்ந்தவர்களில் 90 வீதத்துக்கும் மேலானோரின் இரத்தத்தில் அது கண்டறியப்பட்டது.

இதை யாழ்ப்பாணத்தில் இருந்து வாசிக்கும்போது எனக்குப் பயம் வருகிறது. எங்கள் செம்மண் சில அடி ஆழம்தான். அதன் கீழே வெடிப்பும் குகையுமான சுண்ணக்கல். மேலே ஊற்றுவது வடிகட்டாமலே கிணற்றுக்குப் போகும். பசளையால் ஏறிய நைத்திரேற்று ஏற்கனவே பல தோட்டக் கிணறுகளில் குடிக்கக்கூடிய அளவைத் தாண்டி நிற்கிறது. உலகம் தன் ஒற்றை இனத்தைக் காக்கத் தெளித்தது போல நாங்கள் தெளித்தால் எங்களுக்கு வேறு தண்ணீர் கிடையாது. ஆகவே தெளித்துத் தப்பும் வழி எங்களுக்கு அடைபட்ட வழி. நோய் வரவிடாமல் இருப்பதும், வந்தாலும் எல்லாம் ஒரேயடியாய்ப் போகாதபடி கலந்து வைப்பதும்தான் எங்களுக்கு உள்ளவை.

காற்றும் மழையும் வேறு. 2008 நிஷா, 2020 புரெவி என்று மாரி காலத்துப் புயல் ஒவ்வொன்றும் குலையோடு நின்ற வாழையை முறித்துப் போட்டது. 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியபோது, பொட்டாஷ் இல்லாமல் காய் சூம்பிப் போனதைச் சந்தைக்குக் குலை கொண்டுபோன ஒவ்வொருவரும் பார்த்தோம். சேதனப் பசளை வேண்டும் என்பவன்தான் நான். ஆனால் மண்ணை ஆயத்தம் பண்ணாமல், மாற்றுப் பசளை கையில் கொடுக்காமல், ஒரு இரவில் செய்தது கொடுமை. உலக அளவில் 27 நாடுகளை ஆராய்ந்து 2019இல் வந்த ஆய்வொன்று, 2050 அளவில் பத்து நாடுகளில் விளைச்சல் கணிசமாகக் குறையும் என்கிறது. அதிகம் விளைவிக்கும் இந்தியாவும் அதில் ஒன்று.

ஆய்வுகூடங்கள் சும்மா இருக்கவில்லை. காட்டு வாழை ஒன்றின் மரபணுவைக் கவெண்டிஷில் சேர்த்து, குவீன்ஸ்லாந்தில் ஜேம்ஸ் டேலின் குழு உருவாக்கிய இனத்துக்கு 2024 பெப்ரவரியில் அவுஸ்திரேலியா அனுமதி கொடுத்தது. தாய்வானில் இழைய வளர்ப்பில் தற்செயலாக மாறிய கன்றுகளில் இருந்து தாங்கும் இனங்களைத் தெரிந்தெடுத்தார்கள். இவற்றை நான் வரவேற்கிறேன். ஆனால் இவையும் கவெண்டிஷை மீண்டும் கவெண்டிஷாலேயே நிரப்பும் முயற்சி. பெல்ஜியத்தின் லூவன் நகரில் 1,600க்கும் மேற்பட்ட வாழை வகைகளைக் கண்ணாடிக் குழாயிலும் உறைகுளிரிலும் காத்து வைத்திருக்கிறார்கள், அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அந்தக் காட்டு மரபணுவும் யாரோ ஒருவர் பயனில்லாத வாழை என்று வெட்டாமல் விட்டதால்தான் கிடைத்தது.

எங்கள் தோட்டங்களோ மற்றப் பக்கம் போகின்றன. சந்தையில் கேட்பது கதலி. குலை போனால் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ கழிவு என்று வெட்டிக்கொள்கிறார்கள், மிஞ்சினதில் தரகும் போகும். இந்த நிலையில் நோயோடு மல்லுக்கட்டி இதரை வைக்கச் சொல்லி ஒரு தோட்டக்காரரைக் கேட்க எனக்கு வாய் வராது. தெற்குக்கு லொறி ஏறுவதும் கதலி. ஏற்றுமதி என்று புதிதாக வருகிறவர்கள் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே நாள் அறுவடை என்று கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, தோட்டக்காரருக்கு டொலரில் விலை கிடைப்பது நல்லது. ஆனால் ஒரு கிராமமே ஒரே இனமாக மாறும் நாளில் நாங்களும் பனாமாவின் நிலைக்கு வந்துவிடுவோம். செவ்வாழையும் கப்பலும் இப்போதே தோட்டத்தைவிட்டு வளவுக்குள் ஒதுங்கிவிட்டன. பிள்ளைகள் வெளிநாட்டில், வளவு பூட்டிக் கிடக்கிறது, காணி விற்றால் முதலில் பிடுங்குவது கிணற்றடி வாழையைத்தான். ஒரு வளவு அழிகிற நேரம் அதில் எத்தனை இனம் போகிறது என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். குட்டி கொடுப்பதை நிறுத்த வேண்டாம். கொடுக்கும் முன் தாய்மரத்தை ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். அந்த வளவில் வாடல் கண்ட ஒரு மரம் இருந்தாலும் அங்கிருந்து குட்டி எடுக்காதீர்கள். கிழங்கின் வேரையும் மண்ணையும் அங்கேயே சீவிக் கழுவிவிட்டு எடுங்கள். கலியாண வாசலிலும் கோயில் தேருக்கும் கட்டின வாழையைக் கிழங்கோடு கொண்டு வந்திருந்தால் அதைத் தோட்டத்துக்குள் எறியாதீர்கள். இந்தியாவில் இருந்து வருகிறவர்கள் ஆசைக்கென்று பெட்டிக்குள் ஒரு கிழங்கை மறைத்துக் கொண்டு வரவே வேண்டாம். டிஆர்4 பாக்குநீரிணையைத் தாண்ட ஒரு பெட்டி போதும்.

விவசாயத் திணைக்களத்திடமும் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கும் விவசாய பீடத்திடமும் ஒரு கோரிக்கை உண்டு. வடக்குக்கென்று ஒரு தாய்மரத் தோட்டம் வேண்டும். வைரசு சோதித்து, இழைய வளர்ப்பில் சுத்தமான கன்று எடுத்து, கமநல சேவை நிலையங்கள் வழியாகக் கட்டுப்படியான விலைக்குக் கொடுக்க வேண்டும். அதில் கதலியும் கவெண்டிஷும் மாத்திரம் இருந்தால் காணாது. இதரை, கப்பல், மொந்தன், சாம்பல், செவ்வாழை எல்லாவற்றுக்கும் அதில் ஒரு நிரை இருக்க வேண்டும். நோய் கண்டு அறிவித்தவருக்கு அழித்த மரத்துக்கான ஈடும் அதே கந்தோரில் அதே கிழமை கிடைக்க வேண்டும்.